பெப்பிள் பீச்சா, பேண்டனா, செயின்ட் ஆண்ட்ரூஸா? நால்வர் குழுவுக்கான கடலோரக் கோல்ஃப் கணக்கு

கடலோரக் கோல்ஃப் பயணம் என்று நான்கு பேர் பேச்செடுத்தால் முதல் தகராறு பணத்தில் வருவதில்லை, பெயரில் வருகிறது. ஒருவர் கலிஃபோர்னியாவின் பெப்பிள் பீச் என்பார். தொலைக்காட்சியில் பார்த்த பாறைகளும் அலைகளும் அவர் மனத்தை விட்டு அகலவில்லை. இன்னொருவர் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் இருக்கும் பேண்டன் டூன்ஸ் என்பார். போய்வந்த நண்பர் ஒருவர் ஓயாமல் அதைப் பற்றிப் பேசியிருப்பார். மூன்றாமவர் கோல்ஃபின் தாயகம் என்று பெயர்பெற்ற ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸைச் சொல்வார். நான்காமவர் எந்த ஊரையும் சொல்லமாட்டார். எந்த மாதம், எத்தனை நாள், மனைவியையும் அழைத்து வரலாமா என்று கேட்பார். அவரை முதலில் பேச விடுங்கள். இடத்தைத் தீர்மானிக்க வேண்டியவை அந்தக் கேள்விகள்தான்.

மூன்று இடங்களையும் அழகை வைத்து ஒப்பிடுவது வீண் வேலை. மூன்றும் அழகானவை, புகைப்படங்களில் இன்னும் அழகானவை. பயணம் ஒன்று இனிப்பதும் கசப்பதும் வேறு விஷயங்களில் இருக்கிறது: நாளொன்றுக்கு எத்தனை சுற்று (ஒரு சுற்று என்றால் 18 குழிகள்) ஆட முடிகிறது, அவற்றில் கடல் எவ்வளவு நேரம் கண்ணில் படுகிறது, கால்கள் ஒத்துழைக்குமா, ஆடாதவர்கள் பகலெல்லாம் என்ன செய்வார்கள், பதிவு உறுதியானதா அல்லது குலுக்கலா. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நால்வரும் ஆடுகிறவர்கள், நடக்கவும் தயங்காதவர்கள் என்றால் பேண்டனுக்குப் போங்கள். குடும்பத்தோடு என்றால் பெப்பிள் பீச் இருக்கும் மான்டரே தீபகற்பம். செயின்ட் ஆண்ட்ரூஸ், போட்ட திட்டம் கலைந்தாலும் முகம் சுளிக்காதவர்களுக்கான இடம். இதில் பெப்பிள் பீச்தான் அதிகம் யோசிக்க வைக்கும், அதிலிருந்து தொடங்கலாம்.

பெப்பிள் பீச்: ஒரு சுற்றின் விலை

1919-இல் திறக்கப்பட்ட இந்த மைதானத்தை வரைந்த ஜாக் நெவில், டக்ளஸ் கிராண்ட் இருவரும் தொழில்முறை வடிவமைப்பாளர்கள் அல்லர். திறமையான அமெச்சூர் ஆட்டக்காரர்கள். முடிந்தவரை அதிகமான குழிகளைக் கடலோரத்தில் வைத்துவிட வேண்டும் என்று பாதையை எட்டு வடிவில் வளைத்தார்கள். அமெரிக்க ஓப்பன் போட்டி 1972 முதல் 2019 வரை ஆறு முறை இங்கே நடந்திருக்கிறது. 1982-இல் டாம் வாட்சன் 17-ஆவது குழியில், கிரீனை (குழியைச் சுற்றிய, மிகக் குட்டையாக வெட்டிய புல்தரையை) ஒட்டிய அடர்ந்த புல்லிலிருந்து பந்தை நேராகக் குழிக்குள் இறக்கி ஜாக் நிக்லஸின் கையிலிருந்த கோப்பையைப் பறித்ததும், 2000-இல் டைகர் வுட்ஸ் 15 அடிகள் (ஸ்ட்ரோக்) வித்தியாசத்தில் வென்றதும் இந்த மண்ணில்தான். அவர்கள் நின்ற அதே இடத்தில் நீங்களும் நின்று அடிக்கலாம். உறுப்பினர் அட்டை வேண்டாம், சிபாரிசு வேண்டாம், பணம் போதும். பக்கத்திலேயே இருக்கும் சைப்ரஸ் பாயிண்ட் என்ற தனியார் கிளப்புக்கு எவ்வளவு பணம் கொண்டுபோனாலும் உறுப்பினர் ஒருவர் அழைக்காமல் உள்ளே நுழைய முடியாது என்பதை நினைத்தால், பெப்பிள் பீச்சின் இந்தக் குணத்துக்குத் தனி மதிப்பு உண்டு.

கடல் கணக்கைப் பார்ப்போம். 4 முதல் 10 வரை ஏழு குழிகள், கடைசியில் 17, 18 என்று மொத்தம் ஒன்பது குழிகள் கடலை ஒட்டியவை. 5-ஆவது குழி முன்பு சற்று உள்ளே தள்ளி இருந்தது. விளிம்பில் இருந்த நிலம் கைக்கு வந்த பிறகு, 1998-இல் நிக்லஸ் அதைப் பாறையோரத்துக்குக் கொண்டுவந்தார். மீதிப் பாதி உள்நாட்டுக் குழிகள். முதல் மூன்றை ஆடும்போது, இதற்காகவா இவ்வளவு கொடுத்தோம் என்று பலருக்கும் தோன்றும். 11 முதல் 16 வரையிலும் அந்தக் கேள்வி லேசாக எட்டிப்பார்க்கும். ஆனால் 6-இலிருந்து 10 வரையிலான ஐந்து குழிகளுக்கு இணையாக ஒரு தொடர்ச்சி வேறெங்கும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. 8-ஆவது குழியில் முதல் அடி மேட்டின் மேல் போய் நிற்கும். இரண்டாவது அடியைக் கடல் குடைந்த ஒரு பெரும் பிளவைத் தாண்டி, அந்தப் பக்கத்துச் சிறு கிரீனில் இறக்க வேண்டும். தன் ஆட்ட வாழ்க்கையில் மிகவும் பிடித்த இரண்டாவது அடி இதுதான் என்று நிக்லஸ் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அதற்கு முந்தைய 7-ஆவது குழி நூறு கெஜத்தைச் சற்றே தாண்டும். காற்றில்லாத காலையில் மிகக் குட்டையான மட்டையால் தட்டிவிட்டால் போதும். 1992 அமெரிக்க ஓப்பனின் கடைசி நாளில் வீசிய புயல் காற்றில் டாம் கைட் அங்கே அதைவிட வெகுதூரம் அடிக்கும் 6-ஆம் எண் அயர்ன் மட்டையை எடுத்தார். அதுவும் கிரீனைத் தவறவிட்டு, வெளியிலிருந்து சிப் எனப்படும் சிறு அடியால் குழியில் போட்டார், பட்டத்தையும் வென்றார். கடலோர மைதானத்தில் தூரத்தை மட்டும் பார்த்து மட்டையைத் தேர்ந்தெடுப்பவர்கள் இந்தக் கதையை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இனி விலை. ஒரு சுற்றுக்கான கட்டணம் 600 டாலரைத் தாண்டிவிட்டது. மட்டைப் பையைச் சுமந்து வழிகாட்டும் கேடிக்கான கூலியும் அன்பளிப்பும் தனி. நால்வருக்கும் ஒரே டீ நேரம் (ஆட்டம் தொடங்கும் நேரம்) முன்கூட்டியே உறுதியாக வேண்டுமானால் மைதானத்தை நடத்தும் நிறுவனத்தின் விடுதிகளில் ஒன்றில்தான் தங்க வேண்டும். குறைந்தபட்சம் இத்தனை இரவுகள் என்ற நிபந்தனையும் உண்டு. அது காலத்துக்குக் காலம் மாறுவதால் பதிவு செய்யும்போது கேட்டுக்கொள்ளுங்கள். புகழ்பெற்ற லாட்ஜில் ஓர் இரவுக்கு ஆயிரம் டாலருக்குக் குறைந்து அறையை எதிர்பார்க்க வேண்டாம். இருவர் ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டாலும் இரண்டு இரவு, ஒரு சுற்று, ஒரு கேடி என்ற அளவில் தலைக்கு 2,000 டாலரைத் தொட்டுவிடும். விமானச் செலவும் சாப்பாடும் இதில் சேரவில்லை.

பின்வாசல் ஒன்று இருக்கிறது. விடுதியில் தங்காதவர்கள் ஒரு நாள் முன்னதாகத் தொலைபேசியில் அழைத்து, காலியிடம் இருந்தால் பதிந்துகொள்ளலாம். தனியாகப் போகிறவருக்கு இது பலமுறை பலிக்கும்; மூன்று பேர் கொண்ட குழுவில் ஓரிடம் காலியாக இருப்பது சாதாரணம். நால்வருக்குப் பலிக்கும் என்று நம்பி விமான டிக்கெட் வாங்குவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். முழுக் குழுவும் வெறுங்கையோடு வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்துத் திரும்ப நேரிடும்.

வேறு இரண்டு நடைமுறைச் சங்கதிகளைப் பதிவு செய்யும் பலர் கவனிப்பதில்லை. இங்கே கிரீன்கள் மிகச் சிறியவை. அவற்றில் வளரும் போவா என்ற புல்வகை பகல் ஏற ஏறச் சமமில்லாமல் வளர்ந்து விதைத் தலைகளை நீட்டும். அதனால் பிற்பகலில் கிரீனில் பந்தைக் குழியை நோக்கி உருட்டும்போது (பட்டிங்) அது சிறிது துள்ளித் துள்ளிப் போகும். ஆகவே காலை நேரம் மேல். அடுத்தது கார்ட். கார்ட் வண்டி அதற்குரிய பாதையை விட்டுப் புல்லில் இறங்கக் கூடாது. பந்து எதிர்ப்பக்கம் கிடந்தால் நாலைந்து மட்டைகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஃபேர்வே எனப்படும் ஆட்டப் புல்வெளியைக் குறுக்கே கடந்து, அடித்துவிட்டு மறுபடி வண்டிக்கு நடக்க வேண்டும். முழங்கால் வலிக்காரர்கள் கார்ட் இருக்கிறதே என்று நிம்மதியாக வந்தால் ஏமாறுவார்கள். கேடியோடு நேர்கோட்டில் நடப்பதே பலருக்கு எளிதாக முடியும்.

பெப்பிள் பீச்சுக்கு வெளியே

மான்டரேவுக்குப் போய் ஒரே ஒரு சுற்று ஆடிவிட்டுத் திரும்புவார் யாருமில்லை. ராபர்ட் டிரென்ட் ஜோன்ஸ் 1966-இல் அமைத்த ஸ்பைகிளாஸ் ஹில்லும் அதே நிறுவனத்துடையது. முதல் ஐந்து குழிகள் மணல்மேடுகளில் கடலைப் பார்த்தபடி போகும். அதன்பின் சட்டென்று பைன் காட்டுக்குள் நுழைந்துவிடும். ஆட்டம் என்று பார்த்தால் பெப்பிள் பீச்சைவிடக் கடினம். ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண், குறைய குறையத் திறமை அதிகம்) அதிகம் உள்ளவர்களுக்கு அந்த இரண்டாம் பகுதி ஒரு தண்டனை.

நான் அதிகம் பரிந்துரைப்பது சில மைல் தள்ளியிருக்கும் பசிஃபிக் குரோவ் மைதானத்தை. நகராட்சிக்குச் சொந்தமானது. முதல் ஒன்பது குழிகள் வீடுகளுக்கும் மான்களுக்கும் நடுவே சாதுவாகப் போகும். அடுத்த ஒன்பது, 1855 முதல் எரிந்துகொண்டிருக்கும் பாயிண்ட் பினோஸ் கலங்கரை விளக்கைச் சுற்றி மணல்மேடுகளுக்கிடையே ஓடும். அந்த ஒன்பதை 1960-இல் வரைந்தவர் பெப்பிள் பீச்சை வரைந்த அதே ஜாக் நெவில். கட்டணமோ பெப்பிள் பீச்சின் கட்டணத்தில் ஒரு சிறு பங்கு. புல் பராமரிப்பில் அந்த மெருகு இல்லை. கடல் ஒன்றுதான், அலையும் ஒன்றுதான். குழுவில் ஒருவருக்கு மட்டும் கை சற்று இறுக்கம் என்றால், மூவர் பெப்பிள் பீச் ஆடும் அன்று அவர் இங்கே ஆடிவிட்டு மாலையில் அவர்களோடு சேர்ந்துகொள்ளலாம். அவமானமாக எடுத்துக்கொள்ள இதில் எதுவும் இல்லை.

ஆடாதவர்களைப் பொறுத்தவரை இந்தத் தீபகற்பத்துக்குப் போட்டியே கிடையாது. மான்டரேயின் கடல்வாழ் உயிரினக் காட்சியகம், பாயிண்ட் லோபோஸ் காப்பகத்தின் பாறைகள், கார்மெல் சிற்றூரின் தெருக்கள், தெற்கே பிக் சர் கடற்கரைச் சாலை என்று மூன்று நாளும் போதாது. சான் ஹோசே விமான நிலையத்திலிருந்து ஒன்றரை மணி நேரக் கார்ப் பயணம், சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து இரண்டு மணி நேரத்தை ஒட்டி. மாதம் மட்டும் கவனம். ஜூன், ஜூலையில் குளிர்ந்த கடல் நீரின் மேல் உருவாகும் மூடுபனியை உள்நாட்டு வெப்பம் கரைக்கு இழுத்துக்கொண்டுவரும். நண்பகல் வரை கடல் எங்கே என்று தேட வேண்டியிருக்கலாம். செப்டம்பரும் அக்டோபரும் தெளிவானவை. கோடை விடுமுறைக்குத்தான் வர முடியும் என்றால், பனி எப்போதாவது விலகும் என்ற நம்பிக்கைக்குத்தான் அந்த 600 டாலர் என்று தெரிந்தே கொடுங்கள்.

பேண்டன்: நடக்கிறவர்களின் ஊர்

ஆரிகன் மாநிலத்தின் தென்கடற்கரையில் பேண்டன் டூன்ஸைத் தொடங்கிய மைக் கைசர், மறுசுழற்சிக் காகிதத்தில் வாழ்த்து அட்டை அச்சிட்டு விற்றுப் பொருளீட்டியவர். ஊரை விட்டு இவ்வளவு தூரம், மழையும் காற்றும் மிகுந்த இடத்துக்கு யார் வருவார்கள் என்று பலரும் கேட்டதற்கு நியாயம் இருந்தது. 1999-இல், அப்போது பெயர் தெரியாத இளைஞராக இருந்த டேவிட் மெக்லே கிட் என்ற ஸ்காட்லாந்துக்காரரைக் கொண்டு முதல் மைதானத்தைத் திறந்தார். பிறகு டாம் டோக்கின் பசிஃபிக் டூன்ஸ் 2001-இல், பில் கூரும் பென் கிரென்ஷாவும் அமைத்த பேண்டன் டிரெயில்ஸ் 2005-இல், ஓல்டு மெக்டொனால்டு 2010-இல், ஷீப் ராஞ்ச் 2020-இல் என்று முழு நீள மைதானங்கள் ஐந்தாகிவிட்டன. குட்டிக் குழிகள் மட்டுமே கொண்ட சிறு மைதானங்கள் இரண்டும் இருக்கின்றன. ஐந்தில் டிரெயில்ஸ் மட்டும் காட்டுக்குள் போகிறது. மற்ற நான்கும் கடலோடு உறவாடுபவை.

மான்டரேவில் ஒரு சுற்று ஒரு நிகழ்ச்சி. பேண்டனில் நிகழ்ச்சி என்று தனியாக எதுவும் கிடையாது. காலையில் எழுந்து ஆடுகிறீர்கள், சாப்பிடுகிறீர்கள், மறுபடி ஆடுகிறீர்கள். அதே நாளில் ஆடும் இரண்டாவது சுற்றுக்குச் சலுகைக் கட்டணம் தருவது அந்த இடத்தின் நீண்ட நாள் வழக்கம். முதல் சுற்றுக்கான கட்டணமே பெப்பிள் பீச்சைவிடக் கணிசமாகக் குறைவு. குளிர்கால மாதங்களில் இன்னும் வெகுவாக இறங்கும். பெப்பிள் பீச்சில் இரண்டு இரவு, ஒரு சுற்றுக்கு ஆகும் தொகையில் இங்கே மூன்று இரவு தங்கி நான்கைந்து சுற்று ஆடிவிடலாம். கேடி வைத்துக்கொண்டால் செலவு ஏறும். ஒவ்வொரு சுற்றுக்கும் வேண்டியதில்லை. முதல் நாள் ஒரு கேடி இருந்தால் காற்றையும் கிரீன்களின் சரிவையும் கற்றுக்கொடுத்துவிடுவார். மீதி நாட்களுக்குத் தள்ளுவண்டி போதும்.

கார்ட் வண்டி கிடையாது. மருத்துவக் காரணம் காட்டுகிறவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு. ஒரு சுற்றுக்குப் பத்து கிலோமீட்டர் அளவுக்கு மணல்மேடுகளில் ஏறி இறங்க வேண்டும், இரண்டு சுற்று என்றால் இரட்டிப்பு. குழுவில் ஒருவருக்கு இடுப்போ முழங்காலோ தகராறு செய்தால் பேண்டன் என்ற பேச்சையே எடுக்காதீர்கள், அவர் சமாளித்துக்கொள்கிறேன் என்று சொன்னாலும். இரண்டாம் நாள் பிற்பகலில் அவர் அறையிலேயே தங்கிவிடுவார். மற்ற மூவருக்கும் குற்ற உணர்வோடு ஆட வேண்டிவரும். இந்த ஒரு நிபந்தனையே பாதிக் குழுக்களுக்கு விடை சொல்லிவிடுகிறது.

கடல் இங்கே எப்படி வருகிறது என்பது மைதானத்துக்கு மைதானம் வேறு. பசிஃபிக் டூன்ஸில் 4-ஆவது குழியில் பாறை விளிம்புக்கு வந்து, மறைந்து, 11-இலும் 13-இலும் மறுபடி வரும். அதன் பிற்பாதியில் 10, 11 இரண்டும் அடுத்தடுத்து மூன்று அடிகளில் முடிக்க வேண்டிய (பார் 3) குழிகள். வரைபடத்தில் பார்த்தால் தவறாக அச்சாகிவிட்டதோ என்று தோன்றும், ஆடினால் அந்த நிலத்துக்கு வேறு வழியே இல்லை என்று புரியும். ஷீப் ராஞ்ச் இதற்கு நேரெதிர். ஒன்பது கிரீன்கள் பாறை விளிம்பை ஒட்டியவை, பந்தைச் சிக்கவைக்கும் மணற்பள்ளமான பங்கர் ஒன்றுகூடக் கிடையாது, காற்றே தடை. காட்சிக்காக மட்டும் ஒரு மைதானம் என்றால் ஷீப் ராஞ்ச். ஆட்டமும் காட்சியும் சேர்ந்து வேண்டும் என்றால் பசிஃபிக் டூன்ஸ். என் ஓட்டு இரண்டாவதற்கு. டிரெயில்ஸைக் கடல் இல்லை என்று தள்ளிவிடாதீர்கள். காற்று கடுமையான நாளில் காடு ஒரு புகலிடம்.

கோடையில் வடக்கிலிருந்து காற்று வீசும், பிற்பகலில் வலுக்கும். ஆகவே ஷீப் ராஞ்சைக் காலையிலும் டிரெயில்ஸைப் பிற்பகலிலும் வையுங்கள். பதிவு செய்யும்போது யாரும் இதைச் சொல்லமாட்டார்கள், கிடைத்த நேரத்தைக் கொடுப்பார்கள். குளிர்காலத்தில் மழையும் தெற்குக் காற்றும் வரும். ஆனால் அடியில் மணல் என்பதால் தண்ணீர் தேங்காது. மழை விட்ட உடனேயே பந்து உருளத் தொடங்கும். நல்ல மழையுடையும் மாற்றுக் காலணியும் இருப்பவர்களுக்கு அந்த மலிவுக் காலம் ஒரு வரம். பந்துகளை மட்டும் தாராளமாக எடுத்துச் செல்லுங்கள். ஓரங்களில் மஞ்சள் பூவோடு நிற்கும் கோர்ஸ் என்ற முட்புதர் எதையும் திருப்பித் தராது. எண்ணெய்ப் பசை கொண்ட அந்தப் புதர்தான் 1936-இல் பேண்டன் ஊரையே தீக்கு இரையாக்கியது.

குறைகள் இரண்டு. தொலைவு முதலாவது. அருகிலுள்ள நார்த் பெண்ட் விமான நிலையத்துக்கு விமானங்கள் மிகக் குறைவு. போர்ட்லண்டிலிருந்து காரில் நான்கைந்து மணி நேரம். போகவரவே ஒரு முழு நாளை ஒதுக்க வேண்டும். அடுத்தது, ஆடாதவர்களுக்கு இங்கே பொழுது போகாது. கடற்கரை நடை, ஒரு சிறிய ஊர், ஒரு கலங்கரை விளக்கம், அவ்வளவுதான். மனைவியை இங்கே அழைத்து வந்துவிட்டு நாளுக்கு 36 குழி ஆடுகிறவர் அடுத்த பயணத்துக்கு அனுமதி கேட்கும்போது தெரிந்துகொள்வார். நல்ல கோடை மாதங்களில் அறை வேண்டுமானால் ஓராண்டுக்கு மேல் முன்னதாகவே முயல வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

செயின்ட் ஆண்ட்ரூஸ்: கடலைத் தேடிப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கடற்காட்சிதான் நோக்கம் என்றால் இந்த ஊரின் புகழ்பெற்ற மைதானமான ஓல்டு கோர்ஸ் ஏமாற்றிவிடும். கடல் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆட்டம் முழுவதும் கண்ணில் படுவது புல்மேடுகள், 112 பங்கர்கள், தூரத்தில் ஊரின் கோபுரங்கள். இரண்டு குழிகளுக்கு ஒரே கிரீன் என்று ஏழு இரட்டைக் கிரீன்கள். தவறான கொடியை நோக்கி அடிக்காமல் முடிப்பதே ஒரு சாதனை. இதன் பெருமை வேறு வகை. இது எந்த விடுதிக்கும் சொந்தமில்லாத பொதுநிலம். ஓர் அறக்கட்டளை ஏழு மைதானங்களை நடத்துகிறது. ஓல்டு கோர்ஸ் ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கமாக மூடியிருக்கும், ஊர்மக்கள் அதில் உலாவப் போவார்கள்.

இங்கே ஆட ஹேண்டிகேப் சான்று வேண்டும். முன்பதிவு இடங்கள் முடிந்துவிட்டால் இருக்கும் முக்கிய வழி குலுக்கல்: ஆட விரும்பும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு பெயர் கொடுத்து, பெயர் வருகிறதா என்று காத்திருக்க வேண்டும். கட்டணம் கோடையில் 300 பவுண்டுக்கு மேல். பெப்பிள் பீச்சோடு ஒப்பிட்டால் மலிவு, விடுதி நிர்ப்பந்தமும் இல்லை. ஆனால் நான்கு நாள் தங்கி ஒவ்வொரு நாளும் பெயர் கொடுத்தும் வராமல் போகலாம். அப்படி ஆனால் பயணம் பாழ் என்று நினைக்கும் ஒருவர் குழுவில் இருந்தாலும் இந்த ஊர் வேண்டாம். அந்தச் சஞ்சலம் நான்கு நாளும் மற்றவர்களைப் பிடித்து ஆட்டும்.

சஞ்சலப்படாத குழுவுக்கு ஒரு நல்ல திட்டம் உண்டு. 2000-இல் கைல் ஃபிலிப்ஸ் அமைத்த கிங்ஸ்பார்ன்ஸ் சில மைல் தொலைவில் இருக்கிறது. கடல் அங்கே ஏறக்குறைய எல்லாக் குழிகளிலிருந்தும் தெரியும். அதையும், ஊரின் விளிம்பில் குன்றின் மேல் இருக்கும் காஸில் கோர்ஸையும் முன்பதிவு செய்துவிட்டு, ஓல்டு கோர்ஸைக் குலுக்கலுக்கு விட்டுவிடுங்கள். வந்தால் கொண்டாட்டம், வராவிட்டாலும் கடலுக்குக் குறைவில்லை. ஜூன் மாதத்தில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருப்பதால் குலுக்கலில் தோற்ற நாளில்கூட மாலை உணவுக்குப் பிறகு ஒன்பது குழி ஆட முடியும். ஆடாதவர்களுக்குக் கோட்டை இடிபாடு, பேராலய இடிபாடு, 1413-இல் தொடங்கிய பல்கலைக்கழகம், நீண்ட மணற்கரை. எடின்பரோவுக்கும் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான்.

வேறு பெயர்களும் காதில் விழும். கனடாவின் கேப் பிரெட்டனில், பழைய நிலக்கரிச் சுரங்க ஊரான இன்வர்னெஸ்ஸில் இருக்கும் கேபட் லிங்க்ஸும் கேபட் கிளிஃப்ஸும் பேண்டன் வகையைச் சேர்ந்தவை. மே முதல் அக்டோபர் வரைதான் பருவம். டாஸ்மேனியாவின் பார்ன்பூகல் 2004-இல் ஓர் உருளைக்கிழங்குப் பண்ணையின் மணல்மேடுகளில் பிறந்தது. அருமையான இடம், ஆஸ்திரேலியாவுக்கு வேறு வேலையாகப் போகிறவர்கள் தவறவிடக் கூடாது. அதற்காகவே பாதி உலகத்தைச் சுற்றுவது, பெரும்பாலான குழுக்களுக்குத் தேவையில்லாத வீம்பு.

இரண்டையும் ஆட முடியாதா?

இந்தக் கேள்வி எப்போதும் வரும். ஒரு வாரம் கையில் இருக்கிறது, மேற்குக் கடற்கரைக்குப் போகிறோம், பெப்பிள் பீச்சையும் பேண்டனையும் சேர்த்துவிடலாமே என்பார்கள். வரைபடத்தில் இரண்டும் ஒரே கரையில் தெரிவதால் வரும் மயக்கம் இது. காரில் போனால் ஒரு முழு நாள் வளைவுகளில் கழியும். சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து நார்த் பெண்டுக்கு விமானம் கிடைக்கும் பருவமாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம்; மூடுபனியில் அந்தச் சிறு விமானம் ரத்தானால் மறுநாள் காலை டீ நேரம் போய்விடும். ஆகவே பேண்டனுக்கு வந்து இறங்கும் நாளில் எதையும் பதிய வேண்டாம்.

அப்படியும் துணிந்தால் வரிசை முக்கியம். பெப்பிள் பீச்சை முதலில் வையுங்கள். விலை உயர்ந்ததைக் கடைசியில் வைத்து உச்சத்தில் முடிக்கலாம் என்று தோன்றுவது இயல்பு. மூன்று நாள் மணல்மேடுகளில் நடந்து களைத்த கால்களோடு 8-ஆவது குழியின் பிளவுக்கு முன்னால் போய் நின்றால், முழு வீச்சுக்கு உடம்பு ஒத்துழைக்காது. பந்து பிளவுக்குள் போகும். முதல் நாள் பசிஃபிக் குரோவில் கையைப் பழக்குங்கள். மறுநாள் காலை, கிரீன்கள் கெடுவதற்கு முன் பெப்பிள் பீச். அதற்கு மட்டும் கேடி. பிறகு வடக்கே போய், கால் வலித்தால் ஒரு பிற்பகலை விட்டுக்கொடுக்கும் சுதந்திரத்தோடு பேண்டனில் ஆடலாம். பதிவின் வரிசை இதற்குத் தலைகீழ்: பேண்டன் அறைதான் கிடைப்பது அரிது, அந்தத் தேதிகள் உறுதியான பிறகே மான்டரே பக்கம் தொலைபேசியை எடுங்கள்.